ஒண்ணுமில்லாத தலைவலி

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலை வலிக்காது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மாமியார். கறிக்குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, வேலை இருக்கற நாளாப் பாத்துதான் உனக்கு அந்த வலி வருது போலருக்குது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்கு அரைத்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. வார நாள் முழுக்க மண்டையைப் பிளக்கிற வலி ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்லிவைத்தாற்போல லீவு எடுத்துக்கொண்டது. வலி பொய் இல்லை, ஆனால் பொய்க்காரியின் வலி மாதிரியே நடந்துகொண்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வருடங்களில் நான் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஃப்யூஸ் கட்டை, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ், இதெல்லாம் செய்கிற இடம். கல்யாணத்துக்கு முன்பே மண் பிசைகிற இடத்தில் சேர்ந்து, அச்சில் அமுக்குகிற இடம், ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி செக்கிங் மேசைக்கு வந்திருந்தேன். சூளையிலிருந்து வெந்து வருகிற சாமான்களில் எது நல்லது, எது பழுது என்று பிரிக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. தலைக்கு மேலே ட்யூப் லைட், பக்கத்தில் ஃபேன். மேஸ்திரியே சந்தேகம் வந்தால் கையில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "ஏம்மா, இது தேறுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அப்படி அவர் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

செக்கிங்கில் மூன்று வேலை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்டைகளை லேசாகத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து விளிம்போடு பார்க்க வேண்டும், சூட்டில் வளைந்திருந்தால் அப்போதுதான் தெரியும். பீங்கான் வேலைக்காரர்களை இந்த ஒற்றைக் கண்ணை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கடையில் டம்ளர் வாங்கினாலும் ஒரு கண்ணை மூடுவோம். பத்திரிகை வைக்க வந்தவர்கள் முன்னாலேயே ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகூர்த்த நேரம் படிப்போம். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர். அடுக்கு நேராக நிற்கிறதா என்று அவரும் அப்படித்தான் பார்ப்பார். வீட்டில் சுவரில் படம் மாட்டினால் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்போம்.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அது ஆரம்பித்தது. முதலில் உறுத்தல். கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும், கழுவினால் போகாது. பத்து மணி டீ வருவதற்குள் இரண்டு கண்ணுக்கும் பின்னால் ஓர் இழுப்பு தொடங்கும். மத்தியானத்துக்குள் அது புருவத்துக்கு ஏறி, நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்குகிற மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போடாமல் சுருண்டு படுத்துக்கொள்வேன். மகள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுத்தெல்லாம் கரைய ஆரம்பிக்கும். "நாளைக்குச் சொல்லித் தரேன் கண்ணு" என்பேன். அந்த நாளை வரவே இல்லை. கொஞ்ச நாளில் அவள் புத்தகத்தைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். நான் படுத்திருக்கிற அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தப் பழகிக்கொண்டாள். அந்த வயசில் ஒரு குழந்தை அதைப் பழகியிருக்கக் கூடாது. 

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரியாது என்பது உண்மைதான், ஆனால் யோசனை சொல்வதற்கு அது யாருக்கும் தடையாக இல்லை. ஷெட்டில் ஒரே தீர்ப்புதான். "மண்ணு வுழுந்திருக்குது. அது உள்ளார போயி உக்காந்துக்கிச்சு." மண் தூள் பறக்கிற இடத்தில் கண் வலி என்றால் வேறு எதை நினைப்பார்கள்? என் மேசைக்குப் பக்கத்து மேசை அக்கா அடித்துச் சொன்னார். "வேப்பூர் பக்கம் ஒரு அம்மா நாக்காலயே எடுக்கறாங்க. போயிட்டு வா, எல்லாம் செரியாப் போயிடும்."

மாமியாரும் நானும் பஸ் ஏறிப் போனோம். அந்த அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் ஒரு துழாவு துழாவினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிறகு உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். கடுகில் பாதி அளவுக்கு, வெள்ளையாக என்னவோ இருந்தது. "பாத்தியா, பீங்கான் மண்ணு" என்றார் மாமியார், என் வியாதியையே நேரில் பார்த்துவிட்டவர் மாதிரி. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, வலிக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன், ஷெட்டில் எல்லாரும் "அதான் சொன்னமே" என்றார்கள். பத்து மணி டீக்கு அது வந்து உட்கார்ந்துகொண்டது. "மிச்சம் மீதி இருக்குமோ என்னமோ" என்று இன்னொரு தடவை அழைத்துப் போனார்கள். அப்போதும் வெள்ளை மண்தான் வந்தது. வராமல் என்ன செய்யும்? பீங்கான் ஷெட்டில் வேலை பார்க்கிறவள் கண்ணில் நாக்கை விட்டால் தங்கமா வரும்? எங்கள் ஷெட்டில் யார் காதைக் குடைந்தாலும் அதுதான் வரும். இது புரிய எங்கள் எல்லாருக்கும் இரண்டு தடவை வேப்பூர் பஸ் தேவைப்பட்டது.

பிறகு டாக்டர்கள். டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்குகிற எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். அடுத்த கண்ணைப் பொத்தச் சொன்னார்கள், அதுவும் அப்படியே. "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். கண் டாக்டர் ஒருவரிடம் போனோம். அதே எழுத்து, அதே பொத்தல், அதே பதில். இன்னொரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார். முருங்கைக்கீரை நல்லதுதான், தின்றேன். கடைசியில் கடலூரில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். என் சித்தப்பா ஒருவர் தலையில் கட்டி வந்து போனவர். அந்த மெஷினுக்குள் படுத்திருந்தபோது மகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், அவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுதான் ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் ஷெட்டில் பக்கத்து மேசை அக்கா கேட்டார். "மூளையில என்னா இருக்குதாம்?"

"ஒண்ணும் இல்லியாங்க்கா."

"அது எங்களுக்கு முன்னயே தெரியுமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா நல்லவர்தான், என் டிபன் பாக்ஸில் குழம்பு குறைந்தால் அவர் பாக்ஸிலிருந்து ஊற்றுவார். ஆனால் அன்றைக்குச் சிரித்து முடித்ததும் நான் மண் மூட்டை அடுக்கியிருக்கிற அறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கட்டி இல்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? பட்டேன், ஒரு நாள் பட்டேன். அதற்குப் பிறகு "ஒண்ணும் இல்லை" என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாதிக்குப் பெயர் இருந்தால் அது வியாதி. பெயர் இல்லை என்றால் அது சோம்பேறித்தனம், திமிர், மாமியார் வீட்டில் வேலை செய்யாமல் இருக்க ஒரு வழி. இப்படி யாரும் நேராகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதிலாவது கொடுத்திருப்பேன். நாங்கள் ஒரு ஃப்யூஸ் கட்டையைக்கூட வெறுமனே கண்ணால் பார்த்து நல்லது என்று தள்ளிவிட மாட்டோம், ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்போம். இத்தனை படித்தவர்களில் என்னைத் தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று கோபமாக வந்தது.

அப்புறம் நரம்புக்கு என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் வலி மட்டுப்படும், கூடவே நானும் மட்டுப்பட்டுவிடுவேன். மேசையில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். ஒரு நாள் நான் நல்லது என்று அனுப்பிய லோடில் கீறல் விழுந்த கட்டைகள் நிறைய இருந்து, வாங்கின இடத்திலிருந்து திரும்பி வந்தது. மேஸ்திரி சத்தம் போடவில்லை. "கொஞ்ச நாளைக்குத் தொடைக்கிற எடத்துல இரும்மா. கண்ணு செரியானதும் பாத்துக்கலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் தோய்த்த சாமானின் அடியை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை, நான் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது. அங்கே நின்றபடி என் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன்.

இதில் இன்னொரு கொடுமை, துடைக்கிற இடத்துக்குப் போனதும் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. குறைந்தால் நல்லதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஷ்டமான மேசையிலிருந்து எடுத்ததும் சரியாகிவிட்டது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டிலும் அப்படித்தான். அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. வந்திருந்த சமயம் அது. சாயங்காலம் படுத்துக் கிடக்கிறவள் ராத்திரி சீரியலை முழுசாகப் பார்ப்பேன், ஒன்றும் செய்யாது. "பொஸ்தகம் பாத்தா வலிக்குது, டிவி பாத்தா வலிக்கலியா?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் எனக்கே தெரியாமல் ஒருத்தி நடிக்கிறாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது. வலியைத் தாங்கிவிடலாம். வலிக்கிறது என்று நான் சொல்வதை நானே நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வேன்?

பாண்டிக்குப் போகலாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர். அவர் கம்பெனிக்கு லோடு ஏற்ற வருகிற டிரைவர் யாரோ சொல்லியிருக்கிறார். "அங்க பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்குது புள்ள. ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

"போதுங்க. இன்னொரு ஆளு ஒண்ணும் இல்லைன்னு சொல்றதக் கேக்க அவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறணுமா?"

"ஒண்ணும் இல்லைன்னா கடலைப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

சூளையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, குளித்து, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, தூங்காமல் என்னோடு கிளம்பினார். நெய்வேலி தாண்டுவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவர் தலை என் தோளில் இடித்தது.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சுவர் எழுத்தை மறுபடியும் பொத்திப் பொத்திப் படித்தேன். அதற்குள் எனக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். பிறகு, கண்ணைப் பரிசோதிக்கிற ஒரு பெண் முன்னால் உட்காரவைத்தார்கள். இருபத்தைந்து வயசு இருக்கும், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். சின்ன எழுத்து அச்சடித்த ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, "இதப் படிங்கக்கா" என்றாள்.

படிக்க ஆரம்பித்தேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கண்ணையும் தொறந்து படிங்கக்கா."

"தொறந்துதானே இருக்குது."

"இல்லியே. எடது கண்ண மூடியிருக்கீங்க."

கையை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஒண்ணும் இல்லம்மா, தொழில் பழக்கம். நாங்க பீங்கான் கம்பெனி. எங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் பாப்போம்" என்றேன். பின்னால் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரும், "ஆமாம்மா, நான்கூட அப்படித்தான்" என்று ஒரு கண்ணை மூடிக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. "சாமானு பாக்கறப்ப மூடுவீங்க, செரி. அட்டை படிக்கறப்ப எதுக்கு மூடுறீங்க?" என்றாள்.

இதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. எங்கள் ஊரில் கேட்டிருக்கவே மாட்டார்கள். நான் ஒற்றைக் கண்ணோடு சோறு சாப்பிட்டாலும், ஒற்றைக் கண்ணோடு கோலம் போட்டாலும், பீங்கான்காரி அப்படித்தான் பார்ப்பாள் என்று தாண்டிப் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கே அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

அந்தப் பெண் ஒரு பேனாவை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தள்ளிப் பிடித்தாள். "இந்த முனையவே பாருங்க. கிட்டக் கொண்டாருவேன். எங்க வரப்போ ரெண்டாத் தெரியுதோ அங்க சொல்லுங்க." பேனா கொஞ்ச தூரம்தான் வந்தது, "ரெண்டாயிடுச்சு" என்றேன். அவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு அந்த இடத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் செய்தாள், திரும்பவும் அதே இடம். இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பொருளைக் கிட்டக் கொண்டுவந்தால் இரண்டாகத் தெரியும், நெருப்புச் சுடும் என்பது மாதிரி, எல்லாருக்கும் அப்படித்தானே?

"அண்ணா, நீங்க வாங்க" என்று என் வீட்டுக்காரரை உட்காரவைத்தாள். பேனா வந்தது, வந்துகொண்டே இருந்தது. எனக்கு இரண்டான இடத்தையும் தாண்டி, மூக்கை இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவருடைய இரண்டு கருவிழியும் மூக்கோரம் ஒதுங்கி நின்றன.

"இப்ப ரெண்டாத் தெரியுதா?"

"இல்லம்மா, ஒண்ணுதான் இருக்குது" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உனக்கு ரெண்டாவா தெரியுது?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேங்க" என்றேன்.

அந்தப் பெண் விளக்கிச் சொன்னாள். தனித்தனியாகப் பார்த்தால் என் இரண்டு கண்ணும் நல்ல கண்கள். அதனால்தான் பொத்திப் பொத்திப் பார்த்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக உள்பக்கம் திரும்ப வேண்டும், எனக்கு அதுதான் வரவில்லை. "நாள் முழுக்க ரெண்டையும் இழுத்துப் புடிச்சிக்கிட்டே இருக்கீங்கக்கா. அந்த இழுப்புதான் வலி. முடியாமப் போறப்ப ஒரு கண்ண மூடிக்கறீங்க." தூரத்தில் இருப்பதைப் பார்க்க அந்த இழுப்பு வேண்டியதில்லையாம், டி.வி. அதனால்தான் ஒன்றும் செய்யவில்லை. துடைக்கிற வேலைக்கும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

"அப்ப ஞாயித்துக்கெழம?" என்றேன்.

"லீவு நாள்ல கிட்டத்துல வெச்சு என்னா பாப்பீங்க?"

"கொழம்புதான்."

இப்போது அவளும் சிரித்துவிட்டாள். நான் அழ ஆரம்பித்தேன். பக்கத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் என் கண் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள், ஒரு பெரியவர் 'உச்' கொட்டினார். உனக்குப் பழுது இருக்கிறது என்று சொன்னதற்காகச் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய டாக்டரும் பார்த்துவிட்டு அதையே உறுதியாகச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், கண்ணாடிகூட வேண்டாம், பயிற்சி போதும் என்றார்.

அந்தப் பயிற்சியைப் பார்த்து எங்கள் தெருவே சிரித்தது. பேனாவைக் கை நீட்டிப் பிடித்து, முனையைப் பார்த்தபடி மெதுவாக மூக்குக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் நிறுத்தி, பலம் கொடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் வெளிச்சத்துக்காக வாசல்படியில் உட்கார்ந்து செய்வேன். "என்னாடி இது, பேனாவுக்கு வழி காட்டறியா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். முதல் சில வாரங்கள் வலி குறைவதற்குப் பதிலாக அதிகமாயிற்று. ஒரு நாள் பேனாவைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று கத்தினேன். அதை எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் என் கையில் கொடுத்தது மாமியார். "பேரு தெரிஞ்ச வியாதிம்மா. வுட்டுடாத" என்றார். பேர் தெரிந்ததிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். பக்கத்து வீட்டில் எல்லாரிடமும், "எங்க மருமவளுக்கு ரெண்டு கண்ணும் சேர மாட்டேங்குது" என்று எனக்கு ஏதோ பெரிய பதவி வந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

வலி எப்போது விட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது, இன்னும் வலிக்கவில்லையே என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஓடிவிடும் என்று பயம். பேனா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. மகளை ஒரு நாள் நானே கூப்பிட்டு, புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நம்பாமல் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தாள். ஒரு பாடம் முழுக்கப் படித்தோம், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு. அடுத்த பாடத்தையும் படிக்கலாமா என்று கேட்டேன். போதும்மா, விளையாடப் போகணும் என்று ஓடிவிட்டாள். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி ஒரு நாள் துடைக்கிற இடத்துக்கு ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "ஏம்மா, இது தேறுமா?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். "தேறாதுங்க, ஓரத்துல கீறல் ஓடியிருக்குது" என்றேன். "அப்ப வா, ஒன் எடத்துல வந்து ஒக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, கடைசியாக ஒரு தடவை பாண்டிக்குப் போனோம். பேனா மூக்குவரைக்கும் ஒன்றாகவே வந்தது. இனிமேல் வலித்தால் மட்டும் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் கடலையும் பார்த்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். அன்றைக்கும் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர்தான், ஆனால் தூங்கவில்லை. வடலூர் தாண்டியதும், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நெசமாச் சொல்லுங்க. இவ நடிக்கறாளோன்னு ஒரு தடவையாவது நெனச்சீங்களா?"

முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷர். "நடிக்கறன்னு நெனைக்கல. ஆனா ஒனக்கு ஒண்ணும் இருக்காதுன்னுதான் நெனச்சேன். டாக்டருங்க அத்தினி பேரு சொன்னாங்கல்ல."

"எப்பலேருந்து?"

"ஸ்கேனு எடுத்ததுக்கு அப்பறம்."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்கேனுக்கு அப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் போனது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுபடியும் போனது, பாண்டிக்கு முதல் தடவை வந்தது. உள்ளூரில் இருந்த எல்லாரும் நம்பாமல் போனபோது, இவர் ஒருவராவது நம்புகிறாரே என்று நினைத்துத்தான் நான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோபம் தலைக்கு ஏறியது.

"ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சே எதுக்கு வந்தீங்க? நைட்டெல்லாம் சூளையில நின்னுட்டு, தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு, எதுக்கு ஊரு ஊரா என்கூட பஸ்ஸு ஏறுனீங்க?"

"வலிக்குதுன்னு நீ சொன்னியே" என்றார்.

அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் பாக்கறாங்க புள்ள" என்றார் மெதுவாக.

"பாக்கட்டும்" என்றேன்.